அடுப்பு மேடைக்குள் ஒரு குச்சி

முதன்முதலாகக் கோர்ட்டுக் கமிஷன் கிடைத்திருக்கிறது, வழக்குக்குரிய இடத்தைப் பார்வையிடப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டுச் சில மாதங்களாகின்றன. கடிதம் வந்தபோது என் வீட்டில் நோய். பிறகு துக்கம். பதில் எழுத இப்போதுதான் முடிந்தது. கேட்டவர் இதற்குள் தம் கமிஷனை முடித்து அறிக்கையும் தாக்கல் செய்திருப்பார். ஆயினும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் மற்றவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் இதை எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நோட்டீஸ் கொடுப்பது, டேப் பிடிப்பது, வரைபடம் போடுவது முதலியவற்றை உங்கள் குமாஸ்தாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். என் சீனியர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். “கண்ணால் கண்டதை எழுது. காதால் கேட்டதை எழுதாதே. கேட்பதற்குக் கோர்ட்டார் இருக்கிறார்கள்.” அந்த விதியை நான் முப்பது வருஷம் காப்பாற்றினேன். ஆனால் எழுதக் கூடாது என்பதற்கும் கேட்கக் கூடாது என்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு வெகுநாள் தெரியாமலிருந்தது. அதைத் தெரிந்துகொண்டது ஒரு சமையலறையில்.

அப்போது நான் தொழிலுக்கு வந்து ஒன்பது வருஷங்கள் ஆகியிருந்தன. தல்லாகுளத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். தெற்கு வெளிவீதிக்கு உள்ளே ஒரு சந்தில் ஜவுளி வியாபாரம் செய்துவந்த ராவுத்தர் ஒருவர், தம் வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டிய மேஸ்திரி மீது பிராது கொடுத்திருந்தார். அடுப்பு மேடையைச் சொன்ன அளவுக்குமேல் உயரமாகக் கட்டிவிட்டார், அது உபயோகத்துக்கு லாயக்கில்லை, இடித்துத் திரும்பக் கட்டித்தர உத்தரவாக வேண்டும் என்பது வழக்கு. கொடுத்த அளவுக்கு நூல் பிசகாமல் கட்டியிருக்கிறேன் என்பது மேஸ்திரியின் பதில். நேரில் பார்த்து அறிக்கை தரும்படி முன்சீப் என்னைக் கமிஷனராக நியமித்தார். சம்பந்தப்பட்டவர்களின் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அந்தக் குடும்பமும் இப்போது இந்த ஊரில் இல்லை.

அந்தக் காலத்தில் இங்கே எந்த வீட்டிலும் அடுப்பு தரையில்தான் இருந்தது. நின்றுகொண்டு சமைப்பது துரைமார் பங்களாக்களின் வழக்கம் என்று நினைத்தார்கள். ராவுத்தர் இளவயதில் கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கே மேடை அடுப்பைப் பார்த்திருந்தார். ஆனால் நாகரிகத்துக்காக அவர் அதைக் கட்டவில்லை. அவர் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷம் படுக்கையில் இருந்தவர். எலும்பு கூடியது; ஆனால் ஒரு கால் குட்டையாகிப் போயிற்று. அதன்பின் அவரால் தரையில் குந்தி உட்கார முடியவில்லை. இந்தச் செய்தி பிராதில் ஒரு வரிகூட இல்லை. தம் மனைவியின் கால் குறை பத்துப் பேர் முன்னிலையில் வாசிக்கப்படுவதை ராவுத்தர் விரும்பவில்லை. நான் முதல் முறை அங்கே போனபோது, மேடை எதற்காகக் கட்டப்பட்டது என்பதைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தித் தாழ்ந்த குரலில் என்னிடம் மட்டும் சொன்னார். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் கோஷா அனுசரிப்பவர்; அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார். ஆண்கள் நாலைந்து பேர் சமையலறைக்குள் புகுந்து அளந்துகொண்டிருக்கும்போது வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம் நேரக்கூடாது என்று என் மனைவியை உடன் அழைத்துப் போயிருந்தேன். நாங்கள் எந்தப் பக்கம் வருகிறோம் என்று உள்ளே சொல்லி அவர்களை விலகியிருக்கச் செய்வதற்கு மட்டுமே அவள் வந்தாள்.

மேடைக்கு முன்னால் ராவுத்தரும் மேஸ்திரியும் எதிரெதிராக நின்றார்கள். இருவரும் இருபது வருஷமாக மாப்பிள்ளை, மச்சான் என்று உறவு சொல்லி அழைத்துக்கொண்டவர்கள். இந்த ஊரில் அது புதிதல்ல. மேஸ்திரிக்குக் கோச்சடை சொந்த ஊர். ராவுத்தரின் சந்தில் பாதி வீடுகள் அவர் கட்டியவை.

“பாருங்கய்யா, நீங்களே பாருங்க” என்றார் ராவுத்தர். “இது அடுப்படியா, தேர்முட்டியா? ஏணி வச்சுல்ல ஏறணும்!”

“தேர்முட்டிக்குக் குச்சி குடுத்தா தேர்முட்டிதான் கட்டுவேன்” என்றார் மேஸ்திரி, என்னைப் பார்த்து. “எனக்கென்ன வந்துச்சு?”

“கேட்டீங்களாய்யா பேச்ச?”

“இம்புட்டு நாளு மாப்ள மாப்ளன்னு கூப்புட்டதுக்கு நல்லா மரியாத செஞ்சுட்டாருங்கய்யா. கோர்ட்டு நோட்டீச எம் பொண்டாட்டி கையில குடுக்க வச்சுட்டாரு. அவ படிக்கத் தெரியாம, கல்யாணப் பத்திரிகைன்னு மஞ்சளத் தடவி மாடத்துல வச்சிருக்கா!”

ராவுத்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொள்ள அவர் மேலும் உரக்கக் கத்தினார்.

நான் அளந்தேன். உயரம், நீளம், அகலம், சுவரிலிருந்து புகைபோக்கி வரைக்கும் உள்ள தூரம் எதையும் விடவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். பூச்சைத் தட்டிப் பார்த்தேன். அவ்வளவு நேர்த்தியான வேலையை நான் அதுவரை எந்தக் கமிஷனிலும் பார்த்ததில்லை. ஆனால் கேள்வி நேர்த்தியைப் பற்றியதல்ல. ராவுத்தர் கொடுத்த அளவு எது என்பதே கேள்வி.

“அளவ எப்படிக் குடுத்தாரு?” என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

“மூங்கிக் குச்சிங்க. அவரே வெட்டி, கடைத் துணியில அடையாளம் போடுறாப்புல ரெண்டு வெட்டுப் போட்டுக் குடுத்தாரு.”

“அந்தக் குச்சி எங்க?”

மேஸ்திரி தம் உள்ளங்கையை மேடை மீது வைத்தார். “இதுக்குள்ள.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். “ஒரே சமயத்துல மூணு வீட்டு வேல நடக்கும்யா. குச்சிக வெளிய கெடந்தா கலந்துரும். ஒரு தடவ கலந்துருச்சு. ஒரு வீட்டு ஜன்னலுக்கு வச்சிருந்த குச்சியில ஒரு வாத்தியார் வீட்டு நெலைய வச்சுப்புட்டேன். பாவம், அந்த மனுசன் இன்னிக்கும் சொந்த வீட்டுக்குள்ள கும்புடு போட்டுக்கிட்டுத்தான் போறாரு. அதுலருந்து, வேல முடிஞ்சதும் குச்சியக் கட்டடத்துக்குள்ளயே நட்டமா வச்சுப் பூசிப்புடுவேன். இடிச்சுப் பாருங்க. குச்சிக்கும் மேடைக்கும் ஒரு நெல்லு வித்தியாசம் இருந்தா, இனிமே நான் கரண்டியத் தொடல.”

“இடிங்க!” என்றார் ராவுத்தர். “என் கத்தி வெட்டு எனக்குத் தெரியாதா? நான் குடுத்த குச்சி இம்புட்டு ஒசரம் இருந்தா, மேடைய நானே மண்ணு கொழச்சுக் கட்டுறேன்!”

நீங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு வழக்கில் இரண்டு கட்சிக்காரரும் ஒரே சோதனையை ஒரே ஆவலோடு கேட்டால், இருவரும் தாங்கள் சொல்வதை உண்மையென்றே நம்புகிறார்கள் என்று பொருள். அப்படியானால் பிசகு மூன்றாவதாக ஓரிடத்தில் இருக்கிறது. இது இன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், மேடையை இடித்தால் பத்து நிமிஷத்தில் வழக்கு தீர்ந்துவிடும் என்பதே. மேடையைத் திறந்து பார்க்கக் கோர்ட்டாரின் அனுமதி வேண்டி மனுப் போடும்படி இரு தரப்புக் குமாஸ்தாக்களிடமும் சொன்னேன். இரண்டே நாளில் உத்தரவு கிடைத்தது.

மேஸ்திரிக்கு அவசரம் இருந்தது. ராவுத்தரின் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியைப் புதிதாகக் கட்ட அவரைத்தான் பேசி வைத்திருந்தார்கள். பிராது விழுந்த வாரமே அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். ‘அளவு தெரியாத மேஸ்திரி’ என்று சந்தில் பேச்சாகிவிட்டது. கோச்சடையிலிருந்து தினமும் விடியலில் நடந்து வந்து வேலை செய்த வீதிகளில், தலையைக் குனிந்துகொண்டு போகிறேன் என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராவுத்தரின் கோபத்துக்கும் காரணம் இருந்தது. மேடை எழும்பி நாலாம் நாள், கொதிக்கும் உலையை இறக்க முடியாமல் அவர் மனைவி தம் பக்கம் இழுத்திருக்கிறார். பானை சரிந்து முன்கை முழுவதும் வெந்துவிட்டது. தாம் மனைவிக்காக ஆசையாகச் செய்த காரியம் அந்த மனைவியையே சுட்டுவிட்டது என்ற வேதனை அவருக்கு. அந்த வேதனைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார்.

முதல் பார்வை முடிந்து திரும்பும்போது ஜட்கா வண்டியில் என் மனைவி அந்தச் சந்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வைகைப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தபின், எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“அந்த மேடைய இடிச்சே ஆகணுமா?”

“ஆகணும். அதுக்குள்ள இருக்கிற குச்சிதான் சாட்சி.”

“இடிக்காம முடிக்க வழி இல்லையா?”

“ஏன் கேக்குற?”

“கேக்குறேன், அம்புட்டுத்தான்.”

“அந்தம்மா ஏதாவது சொன்னாங்களா?”

அவள் ரசத்தை மட்டும் ஊற்றினாள். நான் அதை வேறுவிதமாக அர்த்தப்படுத்திக்கொண்டேன். உள்ளே இருந்த பெண்கள் காப்பி கொடுத்து உபசரித்து அவளைத் தங்கள் கட்சிக்கு இழுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். குச்சி வெளியே வந்தால் ராவுத்தர் தோற்பார் என்று வீட்டுக்குள்ளேயே பயம் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். “இது கோர்ட்டு விஷயம். நீ இதில் தலையிடக் கூடாது” என்றேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் உயர்த்தியிருந்தால்கூட இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

மேடையைத் திறக்கக் குறித்த நாளன்று காலையில், நான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “நானும் வாரேன்” என்றாள்.

சமையலறையில் அன்று கூட்டம். ராவுத்தர், மேஸ்திரி, இரு தரப்புக் குமாஸ்தாக்கள், சாட்சிக்காக அழைத்த பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், நான். சமையலறையை அடுத்த அறைக்கு நடுவே கனத்த திரை. அதற்குப் பின்னால் ராவுத்தரின் மனைவியும் என் மனைவியும் இருந்தார்கள். மறுநாள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய வாய்தா. நான் உத்தரவைப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்தார். தாம் கட்டியதைத் தாமே இடிக்கப்போகிறவரின் முகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேடையின் விளிம்பை ஒரு முறை கையால் தடவினார். பிறகு கடப்பாரையை ஓங்கினார்.

“கொஞ்சம் பொறுங்க.”

என் மனைவியின் குரல். திரைக்குப் பின்னாலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. வாதித் தரப்புக் குமாஸ்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதுபோல் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: “கமிஷன் ஐயாவுக்கா, அம்மாவுக்கா?”

பிரதிவாதித் தரப்புக் குமாஸ்தாவும் சிரித்தார். அந்த வழக்கில் இரு தரப்பும் ஒன்றுபட்டது அந்த ஒரு சிரிப்பில்தான். எனக்கு முகம் சுட்டது. ஒரு கமிஷனரின் நடவடிக்கையில் அவர் மனைவி குறுக்கிடுவது எவ்வளவு பெரிய முறைகேடு என்பது உங்களுக்குத் தெரியும். ‘ஆகட்டும், இடியுங்கள்’ என்று சொல்லியிருந்தால் என் கௌரவம் அந்தக் கணமே திரும்பியிருக்கும். அந்தச் சொற்கள் நாக்கின் நுனிவரை வந்தன.

நான் சொல்லாமல் விட்டதற்கு நீதியுணர்ச்சி காரணமன்று. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பத்து வருஷத்தில் அவள் நாலு பேர் முன்னால் என்னைத் தடுத்து நிறுத்தியதே இல்லை. இப்போது நிறுத்துகிறாள் என்றால் அவளிடம் காரணம் இருக்கும். எனக்கு அந்தக் காரணம் தெரியாது, அவளைத் தெரியும். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். “கால் மணி நேரம் எல்லோரும் இளைப்பாறலாம்” என்றேன். குமாஸ்தாக்கள் இருவரையும் பக்கத்து வீட்டுப் பெரியவரையும் வெளிக்கூடத்துக்குப் போயிருக்கச் சொன்னேன். கட்சிக்காரர்கள் இருவரையும் மட்டும் அங்கேயே இருக்கச் சொன்னேன்.

“எதுக்குய்யா இளைப்பாறணும்? இன்னும் ஒரு கல்லுகூட ஒடைக்கலையே” என்றார் ராவுத்தர்.

மற்றவர்கள் வெளியேறியதும் சமையலறையில் சத்தம் அடங்கியது. திரைக்கு அப்பால் இருவர் தாழ்ந்த குரலில் பேசுவதும், ஒருவர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன. மேஸ்திரி கடப்பாரையைச் சுவரோரமாகக் கீழே வைத்துவிட்டு மேடையைப் பார்த்தபடி நின்றார். ராவுத்தர் திரையைப் பார்த்தார்.

“என்னங்க” என்று ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல். அந்நிய ஆண்கள் காதுபட அந்த அம்மாள் பேசுவது அதுவே முதல் முறை என்பது ராவுத்தர் திடுக்கிட்டதிலிருந்து தெரிந்தது.

“என்ன? கை வலிக்குதா?”

“இடிக்க வேணாம்னு சொல்லுங்க. குச்சி மேல தப்பில்ல. அண்ணன் மேலயும் தப்பில்ல.”

“நீ சும்மா இரு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்குத்தாங்க தெரியும்.” திரை லேசாக அசைந்தது. “நீங்க என்னயச் செவுத்தோரமா நிப்பாட்டி, முழங்கைய மடக்கச் சொல்லிக் குச்சி வெட்டுனீங்கள்ல, அப்ப நான் நல்ல கால்ல நிமிந்து நின்னேன். குட்டக் கால எக்கி, குதிகாலச் சேலைக்குள்ள தூக்கி வச்சிருந்தேன். நீங்க பாக்கல.”

ராவுத்தர் ஒரு அடி முன்னால் போனார். நின்றார்.

“வேல செய்யிறப்ப அப்பிடி நிக்க முடியலங்க. கால ஊனுனா ஒடம்பு எறங்கிப்போகுது. மேடை எட்டல. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க அண்ணன வைஞ்சீங்க. அப்பறமாச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கோர்ட்டுக்குப் போய்ட்டீங்க. பெறகு எப்பிடிச் சொல்றது?”

“எதுக்குடி அப்பிடி நின்ன?” என்றார் ராவுத்தர். அதட்டலாகத் தொடங்கிய கேள்வி, முடியும்போது அதட்டலாக இல்லை.

அதற்குப் பதில் வரவில்லை.

அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு, நான் அங்கே இருப்பதே நினைவில்லாதவர்போல் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

“மச்சான், அந்தக் கடப்பாரைய எடுத்து வெளிய போடுங்க.”

“அத நான் எப்பவோ கீழ வச்சுட்டேன் மாப்ள.”

“தப்பு நடந்துபோச்சு.”

“நீங்க செஞ்ச தப்பு ஒண்ணே ஒண்ணுதான். அளவெடுக்க என்னயக் கூப்புடாம நீங்களா எடுத்தீங்க பாருங்க, அது. கூப்புட்டிருந்தாலும் தங்கச்சி என் கண்ணு முன்னால வந்து நின்னிருக்காது. அதவிடுங்க. இப்ப வேலையப் பாப்போம்.”

“நாலு விரக்கடை எறக்கிக் கட்டிருங்க. என்ன ஆனாலும் சரி.”

மேஸ்திரி மேடையைப் பார்த்தார். பிறகு மேடைக்கு முன்னாலிருந்த தரையைப் பார்த்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சற்று யோசித்தார்.

“மேடையத் தொட வேணாம் மாப்ள. அது தங்கச்சி நிமிந்து நிக்கிற ஒசரத்துக்குக் கட்டுன மேடை. அது அப்பிடியே இருக்கட்டும். குட்டக் கால வைக்கிற எடத்துல தரைய ஒசத்தித் தாரேன். காலு அதும்மேல நின்னா ஒடம்பு எறங்காதுல்ல?”

ராவுத்தர் அவரையே பார்த்தார்.

மேஸ்திரி திரையை நோக்கித் திரும்பினார். அந்த வீட்டில் இருபது வருஷம் வேலை செய்திருந்தும், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் அவர் நேரடியாகப் பேசியது அன்றுதான்.

“தங்கச்சி, எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லும்மா.”

“எடது பக்கம்ணே.”

“எம்புட்டு ஒசத்தணும்?”

“மூணு விரக்கடை இருக்கும் மச்சான், அன்னிக்கு வைத்தியரு...” என்று ராவுத்தர் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க மாப்ள. நீங்க அளவு சொன்னதெல்லாம் போதும்.”

முற்றத்தில் மொட்டைமாடிக்குப் பதிக்கும் தட்டோடுகள் அடுக்கியிருந்தன. மேஸ்திரி நாலைந்தை எடுத்துவந்து திரையின் கீழாக ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினார். அந்தப் பக்கம் என் மனைவி அவற்றை அடுக்கினாள். “ஏறி நின்னு பாருங்கக்கா” என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு, “இன்னும் ஒண்ணு வைக்கவா?” பிறகு ஓர் ஓடு திரும்பி வெளியே வந்தது. “இது வேணாமாம். மூணு போதுமாம்.”

“ரெண்டு காலையும் ஊனிப் பாத்தியாம்மா?” என்று மேஸ்திரி கேட்டார்.

சற்று நேரம் கழித்து, “பாத்தேண்ணே, சரியா இருக்கு” என்று பதில் வந்தது. அந்தக் குரல் இப்போது சற்று உயரத்திலிருந்து வந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

வெளியே இருந்தவர்களை அழைத்தேன். இரு தரப்பாரும் ராஜியாகப் போக இசைந்துவிட்டதாகச் சொன்னேன். வாதித் தரப்புக் குமாஸ்தா காரணம் கேட்டார். “தரை தாழ்வாக இருந்திருக்கிறது” என்றேன். அது உண்மையும்கூட. மறுநாள் ராஜி மனு தாக்கலாயிற்று. மேஸ்திரி கொடுத்த அளவின்படியே வேலை செய்திருக்கிறார் என்பதை வாதி ஒப்புக்கொள்வதாக அதில் ஒரு வாசகம் சேர்க்க வேண்டும் என்று ராவுத்தரே வற்புறுத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். தொட்டி வேலை மேஸ்திரிக்கே திரும்பி வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து கேட்டதை நான் எங்கும் எழுதவில்லை. காதால் கேட்டதுதானே. என் சீனியரின் விதிக்கு அவரே எதிர்பாராத ஒரு பயன் உண்டு என்று அன்று தெரிந்தது.

திரும்பும்போது ஜட்காவில் நானும் என் மனைவியும் மட்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் முழுவதும் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பாதிப் பாலம் தாண்டியபின் கேட்டேன்.

“உனக்கு முன்னாலேயே தெரியுமா?”

“மொத நாளே சொன்னாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கைல அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீங்க எழுதியிருப்பீங்க.”

எழுதியிருப்பேன்தான். பதினொரு பக்க அறிக்கை தயாராக இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருப்பேன்.

“இன்னிக்கி அவங்களப் பேசச் சொன்னது நீதானா?”

“நான் சொல்லல. கூட ஒக்காந்திருந்தேன். கடப்பாரையத் தூக்குன சத்தம் கேட்டதும் என் கையப் புடிச்சாங்க. அதான் பொறுங்கன்னேன்.”

வண்டி பாலத்தைவிட்டு இறங்கியது. எனக்கு இன்னொன்று புரியவில்லை. “சொந்த வீட்டுக்குள்ள, கட்டின புருஷன் முன்னால, எதுக்காகக் குதிகாலை எக்கி நிக்கணும்? அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சட்டம் படித்தவன் என்பதை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு அது. “புருஷன் முன்னாலங்கிறதாலதான்” என்றாள்.

இந்தச் சம்பவத்தை இதற்குப்பின் எத்தனையோ ஜூனியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், கட்சிக்காரருக்குக் கால் மணி நேரம் கொடுங்கள் என்று சொல்லி முடிப்பேன். அது நல்ல யோசனைதான். அதை நான் இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இவ்வளவு காலமும் இந்தக் கதையை நான் கமிஷனரின் பக்கத்திலிருந்து மட்டுமே சொல்லிவந்தேன். அளவெடுத்த கணவரின் பக்கத்திலிருந்து சொன்னதில்லை.

என் மனைவி ஏழு மாதம் படுக்கையில் இருந்தாள். மாடி அறையில் காற்று வரும் என்று அங்கே கட்டில் போட்டிருந்தோம். நான் காலையிலும் மாலையிலும் மேலே போவேன். போகும்போதெல்லாம் அவள் தலை வாரி, எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். “இன்னிக்கு எப்படி?” என்பேன். “தேவல” என்பாள். அன்றைய பத்திரிகையில் என்ன செய்தி என்று கேட்பாள். டாக்டர் வாரம் ஒரு முறை வருவார். கீழே வாசலிலேயே அவரிடம், தேறி வருகிறாள், உட்கார்ந்து பேசுகிறாள் என்று நான் சொல்வேன். அவரும் மருந்தை மாற்றாமல் போவார். சென்ற ஐப்பசியில் அவள் காலமானாள்.

பதினாறு நாள் காரியங்கள் முடிந்து, அவளைக் கவனித்துக்கொண்ட அம்மாள் தம் ஊரான எழுமலைக்குப் புறப்பட்டபோது என்னிடம் சொன்னார். “ஐயா, உங்க செருப்புச் சத்தம் மாடிப்படியில கேட்டா போதும், ‘தூக்கி ஒக்கார வையி, வாராரு’ன்னுருவாங்க. நீங்க கீழ எறங்குனதும் அப்பிடியே சாஞ்சுருவாங்க. பெறகு ஒரு மணி நேரம் பேச்சு வராது. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாங்கய்யா.”

நான் அவருக்கு வண்டி பிடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

வேறு மருந்து கொடுத்திருந்தால் வேறு முடிவு ஆகியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. டாக்டர் இல்லை என்கிறார். அவர் என்னிடம் அன்பாக இருக்கிறார்.

நீங்கள் கேட்டது கமிஷனுக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பது. டேப்பை மறக்காதீர்கள். இரு தரப்பாரும் வந்த பிறகு அளக்கத் தொடங்குங்கள். அளந்து முடித்ததும், குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, உடனே புறப்பட்டுவிடாதீர்கள். உங்கள் கண்ணுக்காக நிமிர்ந்து நின்றவர் யாராவது அந்த வீட்டில் இருக்கக்கூடும். அவர் சாய்ந்து உட்காரும் வரை அங்கேயே இருங்கள்.

நான் இருக்கவில்லை.